கைக்கு வலு எங்கிருந்து வருகிறது?

தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்குகிறோம். வலு தசையில் இருக்கிறது என்றுதான் நினைப்போம். ஆனால் நரம்பு சொல்லாமல் தசை சுருங்காது. இதை விளங்கிக்கொண்டால், பக்கவாதம் வந்தவர்களின் கையை நாம் பராமரிக்கும் விதமே மாறும்.

மூளையின் இடப்பக்கம் வலக்கையையும், வலப்பக்கம் இடக்கையையும் இயக்குகின்றன. மூளையின் கட்டளை கழுத்துப் பகுதித் தண்டுவடத்துக்கு வருகிறது. அங்குள்ள நரம்பணுக்கள் அதை வாங்கித் தசைக்கு அனுப்புகின்றன. ஒரு நரம்பணுவும் அதற்குக் கட்டுப்பட்ட தசைநார்களும் சேர்ந்தது ஓர் 'இயக்க அலகு'. மேல்கையின் முன்பக்கத் தசையில் மட்டும் இப்படிப் பல நூறு அலகுகள் உள்ளன.

வலுவைக் கூட்ட நரம்பு மண்டலத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இன்னும் பல அலகுகளை வேலைக்கு அழைப்பது. மற்றொன்று, வேலையில் இருக்கும் அலகுகளுக்கு அடுத்தடுத்து வேகமாகச் செய்தி அனுப்புவது. தேநீர் கிளாஸை எடுக்கச் சிறிய அலகுகள் போதும். வாளி என்றால் பெரியவையும் வந்து சேர வேண்டும். சிறியவை முதலில், பெரியவை பிறகு என்ற இந்த ஒழுங்கை அமெரிக்க ஆய்வாளர் எல்வுட் ஹென்னமன் 1957-இல் எடுத்துக்காட்டினார்.

முழங்கையை மடக்கும்போது முன்பக்கத் தசை சுருங்குகிறது. அதே நேரத்தில், பின்பக்கத் தசை எதிர்த்து இழுக்காதபடி தண்டுவடம் அதைத் தளர்த்திவிடுகிறது. இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து விளக்கிய சார்லஸ் ஷெரிங்டன், நரம்பணுக்கள் பற்றிய ஆய்வுக்காக 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

புதிதாக எடை தூக்கிப் பழகுபவருக்கு முதல் சில வாரங்களிலேயே வலு கூடுகிறது. தசை கண்ணுக்குத் தெரியும்படி பருப்பது அதற்குப் பிறகுதான். முதலில் தேறுவது நரம்பின் பழக்கம்.

பக்கவாதத்தில் அடிபடுவது மூளையிலிருந்து வரும் கட்டளை. தசை ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கிறது. வேலையின்றிக் கிடக்கும்போதுதான் அது மெலிகிறது, மூட்டும் இறுகுகிறது. 'கை போய்விட்டது' என்று ஒதுக்கிவிட்டால் இருக்கும் வாய்ப்பையும் இழக்கிறோம். எல்லோருக்கும் முழு வலு திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் முன்னேற்றம் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வேகமாக இருக்கும். அந்தக் காலத்தை வீணாக்கக் கூடாது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

1. மருத்துவர் அனுமதித்ததும் பிசியோதெரபி தொடங்குங்கள். சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்யவையுங்கள்.

2. டம்ளரைப் பிடிப்பது, துணி மடிப்பது போன்ற அன்றாட வேலைகளில் அந்தக் கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பச் செய்வதில்தான் மூளை கற்கிறது.

3. எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கலாம். அவர் தாமே முயன்று செய்யும் அசைவுக்கு அது ஈடாகாது.

4. எழுப்பும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்மூட்டு விலகக்கூடும். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.

விரல் இம்மியளவு அசைந்தாலும் கட்டளை போய்ச் சேர்கிறது என்றே பொருள். அதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முயற்சிக்குத் தெம்பு கிடைக்கும்.