கற்கும் ஆசிரியர், உயரும் பள்ளி

கல்வித் தரம் உயர வேண்டுமென்று பெற்றோரும் பள்ளியும் விரும்புகின்றனர். அதற்கு உடனே சொல்லப்படும் வழி, மாணவியர் இன்னும் அதிக நேரம் படிக்க வேண்டும் என்பதாகும். எங்கள் மரக்காணக் கரையில் அந்த வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் உப்பளப் பாத்திகளைச் செம்மைப்படுத்துவர். கோடைதான் விளைச்சல் காலம். அரசுப் பொதுத்தேர்வும் அப்போதுதான் வருகிறது. வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டுமாகையால், அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே அளத்துக்குச் சென்றுவிடுவர். அடுப்பு, தண்ணீர், தம்பி தங்கையர் எல்லாம் மூத்த பெண்ணின் பொறுப்பு. இப்படிப்பட்ட வீட்டில் படிக்கும் நேரத்தைக் கூட்டுவது எளிதன்று. ஆகவே வகுப்பறையில் கிடைக்கும் ஒவ்வொரு பாடவேளையும் முழுப்பயன் தர வேண்டும். அதற்கு ஆசிரியரும் தொடர்ந்து கற்பவராக இருத்தல் அவசியம்.

இதன் தேவையை எங்கள் வகுப்பே உணர்ந்துள்ளது. 2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் நான்காம் வகுப்பில் இருந்தோம். ஐந்தாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே கழிந்தது. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான்.

அதற்குச் சில நாள் முன்பு, 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் திரு. மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். விடுபட்ட பாடங்களை எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை வேளையில் கற்பிப்பது அதன் நோக்கம். ஊரிலுள்ள படித்த அக்காமார் பலர் தன்னார்வலராயினர். பாட்டு, கதை, விளையாட்டு வழியே கற்பிக்க அவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. மாலையில் ஒன்றரை மணி நேரம் கற்பிப்பவருக்கே பயிற்சி வேண்டுமென்றால், ஆண்டு முழுவதும் கற்பிப்பவருக்கு எவ்வளவு வேண்டும்!

ஆசிரியர் கற்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டு மருத்துவரான அவர் 1939-இல், தமது 69 வயதில், சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் இந்தியாவில் பயிற்றுவித்த ஆசிரியர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். குழந்தையை முதலில் பொறுமையாகக் கவனியுங்கள், பிறகு கற்பியுங்கள் என்பதே அவர் போதனையின் சாரம்.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதை வலியுறுத்துகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளி தன் நோக்கத்தை அடைவது பெரும்பாலும் ஆசிரியரைப் பொறுத்ததே என்றும், அவர்கள் தக்க பயிற்சி பெற வேண்டும் என்றும் கூறுகிறது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையோ, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டுமென எதிர்பார்க்கிறது.

பயிற்சி என்றால் வெளியூர்க் கருத்தரங்கு மட்டுமன்று. பள்ளிக்குள்ளேயே செய்யக்கூடியவை பல. விடைத்தாள்களை ஆசிரியர்கள் கூடி ஆராய்வது அவற்றுள் ஒன்று. 75 கிலோ உப்பு மூட்டையில் 4 விழுக்காடு சேதமானால் மீதி எவ்வளவு என்று ஒரு கணக்குக் கேட்பதாகக் கொள்வோம். விடை 72 கிலோ. ஒரு மாணவி 75-ஐ 4-ஆல் பெருக்கிச் சேதமே 300 கிலோ என எழுதினால், தவறென்று கோடு போடுவதோடு நின்றுவிடலாம். ஆனால் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து பார்த்தால், விழுக்காட்டின் பொருளே அவளுக்குப் பிடிபடவில்லை என்பதும், பாடம் கீழ்வகுப்பிலேயே விட்டுப்போயிற்று என்பதும் தெரியும். மருந்து அங்கே கொடுக்கப்பட வேண்டும். உப்பளத்திலும் உவர்நீரின் அடர்த்தி ஏறிய பிறகே அதை அடுத்த பாத்திக்கு விடுகிறார்கள்; அவசரப்பட்டால் நல்ல உப்பு கிடைக்காது.

அனுபவமுள்ள ஆசிரியையின் வகுப்பில் இளைய ஆசிரியை அமர்ந்து கவனிப்பது மற்றொரு வழி. இளையவரிடமிருந்து மூத்தவர் கணினிப் பயன்பாட்டைக் கற்பதும் அதைப் போன்றதே. ஒருவர் குறையை ஒருவர் தேடுவதாக இல்லாமல், ஒருவர் திறமையை மற்றவருக்குப் பகிர்வதாக அது அமைய வேண்டும்.

இவற்றால் விளையும் நன்மை பெரிது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்கே உரியது. பத்தாம் வகுப்புப் பெண் அந்த வேலியைத் தாண்டி நிற்கிறாள். ஐந்து பாடங்களில் ஒன்றில் 35 மதிப்பெண் எட்டாவிட்டாலும் துணைத்தேர்வு உண்டுதான். ஆயினும், "இனிப் படித்தது போதும்" என்று வீட்டில் சொல்லிவிட்டால் அதற்கு அவள் திரும்புவதில்லை. ஒரு பாடம் புரிந்ததா இல்லையா என்பதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

ஆகவே அருட்சகோதரியரைப் பணிவுடன் வேண்டுகிறோம்: ஆசிரியர்கள் கூடிக் கற்பதற்குக் கால அட்டவணையிலேயே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். பெற்றோரே, கூலி போகும் என்று தயங்காமல், பெற்றோர் கூட்டத்துக்கு உங்களில் ஒருவராவது வாருங்கள். தோழியரே, புரியாததை எழுந்து நின்று கேளுங்கள். நம் கேள்வியும் ஆசிரியருக்கு ஒரு பாடமே.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னது நம் முன்னோர் மொழி. எங்களுக்காக இன்றும் புத்தகத்தைத் திறந்து கற்கும் ஆசிரியப் பெருமக்களையும் நாங்கள் அவ்வாறே நினைத்திருப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி