பிள்ளைத்தாய்ச்சிகள் எப்படிப் படுப்பது?

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்குப் பாட்டிமார் சொல்லும் புத்திமதி என்ன? "படுத்தபடியே புரளாதே, எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு. இல்லேன்னா கொடி சுத்திக்கும்" என்பதுதானே? தாமான்களுக்குக் குடிபோன பிறகும் இந்தப் பயம் நம்மை விட்டபாடில்லை.

கொடி சுற்றுவது உண்டு. ஆனால் தாய் புரள்வதால் அல்ல. பனிக்குட நீரில் பிள்ளை தானே அசைந்து திரும்புவதால் சுற்றுகிறது. சுற்றிய கொடியோடு சுகமாகப் பிறக்கும் பிள்ளைகள் ஏராளம். எழுந்து உட்கார்ந்து திரும்புவதில் தீங்கு இல்லை. நடுராத்திரியில் எழும்ப முடியாமல், புரளவும் பயந்து, மல்லாக்கவே கிடக்கிறார்களே, அதுதான் கெடுதல்.

முதுகெலும்பை ஒட்டி ஒரு பெரிய இரத்தக்குழாய் கால்களிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிறது. மல்லாந்து படுத்தால் ஏழு மாத வயிற்றின் பாரம் அதை அழுத்தும். தாய்க்குத் தலைசுற்றலாம், குமட்டலாம். பிள்ளைக்குப் போகும் இரத்தமும் குறையும். 2019இல் ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து தூங்கப்போன தாய்மாருக்கு, இடப்பக்கம் படுத்தவர்களைவிட, பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு கூடுதலாகத் தெரிந்தது. அப்படி நடப்பது அபூர்வம்தான். பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

28 வாரம் ஆனதும் ஒருக்களித்துப் படுத்தே தூங்கப் போங்கள். வேலை முடிந்து பகலில் கொஞ்சம் சாய்ந்தாலும் அப்படித்தான். இடப்பக்கம்தான் நல்லது என்பார்கள். அந்த ஆய்வில் வலப்பக்கமும் அதே அளவு பாதுகாப்பாகத்தான் இருந்தது. தூக்கத்தில் மல்லாந்துவிட்டால் பதறவேண்டாம். விழிப்பு வந்ததும் திரும்பிக்கொண்டால் போதும்.

விலைகூடிய தலையணை எதற்கு? பழைய கைலி இரண்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் அண்டக் கொடுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு வலி குறையும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் தலைமாட்டை உயர்த்திக்கொள்ளலாம். பாயிலிருந்து எழும்பும்போது நேராக நிமிராமல், ஒருபக்கம் திரும்பிக் கையை ஊன்றி எழும்புங்கள்.

இன்னொன்று. பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினால், "இடது பக்கம் படுத்துப் பாரு, காலையில பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கிளினிக்கில் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் அசைவு எண்ணும் அட்டவணை இருக்கிறது. 12 மணி நேரத்தில் 10 அசைவு இல்லையென்றாலும், வழக்கத்தைவிடக் குறைந்தாலும், இரவு எந்நேரமானாலும் மலாக்கா பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ உடனே புறப்படுங்கள். புத்தகத்தையும் கையோடு கொண்டு போங்கள்.