முளைகட்டிய கேழ்வரகும் குழந்தை உணவும்

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைவுறும் வரை தாய்ப்பால் ஒன்றே போதுமானது. அதன்பின் தாய்ப்பாலை நிறுத்தாமல், அதனுடன் வேறு உணவும் கொடுத்தல் வேண்டும். இப்பருவத்தில்தான் பல குழந்தைகளின் எடை ஏறாமல் நின்றுவிடுகிறது. வீட்டில் தானியம் இருக்கிறது. தாயும் நாள்தோறும் கஞ்சி ஊட்டுகிறாள். எனினும் குழந்தை மெலிகிறது. இதற்குரிய காரணங்களுள் ஒன்று கஞ்சியின் தன்மையிலேயே உள்ளது. அக்குறையைக் களையும் முறையும் நம் நாட்டுச் சமையலறைகளில் நெடுங்காலமாக வழங்கி வருவதேயாகும்.

கஞ்சியின் குறை

தானிய மாவு கொதிக்கும்போது, அதிலுள்ள மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழைக் கெட்டியாக்குகிறது. கெட்டிக் கூழைக் குழந்தையால் எளிதில் விழுங்க இயலாது. ஆதலால் தாய் நீர் ஊற்றி அதை இளக்குகிறாள். குழந்தையின் வயிறோ மிகச் சிறியது. நீர்த்த கஞ்சியால் வயிறு நிரம்பிவிடுகிறது. வளர்ச்சிக்கு வேண்டிய சக்தி கிடைப்பதில்லை.

முளையின் பணி

தானியம் முளைவிடும்போது அதில் அமைலேஸ் என்னும் நொதி மிகுதியாகத் தோன்றுகிறது. இது மாப்பொருளின் நீண்ட தொடர்களைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது. இதனால் மாவை அதிகமாகச் சேர்த்தாலும் கஞ்சி இளகியே இருக்கும். மேலும், இரும்புச் சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் பிணைத்து, உடலிற் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலமும் முளைகட்டுவதால் குறைகிறது.

கேழ்வரகின் சிறப்பு

இத்தானியம் கர்நாடகத்தில் ராகி என்றும், மகாராஷ்டிரத்தில் நாச்னி என்றும், ஒடிசாவில் மண்டியா என்றும், உத்தராகண்டில் மண்டுவா என்றும் வழங்குகிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இது சுமார் 10 மில்லிகிராமே. ஆயின் கேழ்வரகில் புரதம் 7 கிராம் அளவே உள்ளது. அப்புரதத்தில் லைசின் என்னும் பகுதி குறைவு. பயறு வகைகளில் லைசின் மிகுதி. ஆகவே மூன்று பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு பாசிப்பயறு சேர்த்தல் நன்று.

செய்முறை

1. கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, ஓர் இரவு ஊறவைக்கவும்.
2. நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி, முளை வரும் வரை ஒன்று அல்லது இரண்டு நாள் வைக்கவும். துணி உலராமல் நீர் தெளித்து வரவும். பூசணம் பிடித்தாலோ துர்நாற்றம் வீசினாலோ எறிந்துவிடவும்.
3. நன்கு உலர்த்தி, முளைகளைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்கவும். மிகுந்த சூட்டில் வறுத்தால் நொதி அழியும். பாசிப்பயறைத் தனியே வறுத்து அரைத்துச் சேர்க்கவும்.
4. மாவைக் குளிர்ந்த நீரிற் கரைத்துச் சிறு தீயில் காய்ச்சவும். கொதிநீரில் நேரே இட்டால் நொதி வேலை செய்யுமுன்பே அழிந்துவிடும். இறுதியில் நன்கு கொதிக்கவிடுதல் கட்டாயம். கிருமிகள் அதனால் அழியும்.

கண்கூடாகக் காட்டுதல்

ஊழியர்களும் ஆசிரியர்களும் இவ்வுண்மையைத் தாய்மார் கூட்டத்திலும் வகுப்பறையிலும் எளிதில் விளக்கலாம். சாதாரண மாவினால் கெட்டிக் கூழ் காய்ச்சி, இரண்டு கிண்ணங்களில் சம அளவாக ஊற்றுக. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய மாவைக் கலந்து சில நிமிடங்கள் கிளறுக. அக்கூழ் இளகி ஓடுவதையும், மற்றது கெட்டியாகவே நிற்பதையும் அனைவரும் காண்பர். இரண்டிலும் நீரின் அளவு ஒன்றே என்பதை வற்புறுத்திக் கூறுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

இக்கஞ்சி தாய்ப்பாலுக்கு மாற்று அன்று. மசித்த கீரை, காய், பழம் ஆகியவற்றையும் படிப்படியாகச் சேர்த்தல் வேண்டும். கேழ்வரகு ஏழையின் உணவு என்னும் எண்ணம் பல இல்லங்களில் இன்றும் நிலவுகிறது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை அவர்களுக்கு எடுத்துரைக்கலாம். எனினும், மாதந்தோறும் குழந்தையை நிறுத்து, எடை ஏறுவதைத் தாயின் கண்முன் காட்டுவதே எல்லாவற்றினும் வலிய சான்றாகும்.