கோதுமைப் பெரும்பண்ணை புகட்டும் பாடம்

ஏக்கர் பெருகப் பெருக இலாபமும் பெருகும் என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை, கோதுமையால் பெருஞ்செல்வரான ஆலிவர் டால்ரிம்பிள் என்னும் அமெரிக்கரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

1830இல் பென்சில்வேனியாவில் பிறந்த இவர் வழக்கறிஞர். மின்னசோட்டாவில் கோதுமை பயிரிட்டு அனுபவமும் பெற்றவர். 1873இல் நார்தர்ன் பசிபிக் இருப்புப்பாதைக் கம்பெனி நெருக்கடிக்குள்ளாயிற்று. அதன் கடன் பத்திரங்களின் விலை வீழ்ந்தது. ஆயினும் அப்பத்திரங்களைக் கொடுத்துக் கம்பெனியின் நிலங்களைப் பெற இடமிருந்தது. ஜார்ஜ் காஸ், பெஞ்சமின் செனி என்னும் கம்பெனிப் பிரமுகர் இருவர் இவ்வாறு டகோட்டாவில், ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், நிலம் பெற்றனர். 1875இல் அதனைப் பண்படுத்தும் பொறுப்பை டால்ரிம்பிளிடம் ஒப்படைத்தனர்.

அப்பள்ளத்தாக்கு பண்டைய ஏரியொன்றின் படுகை. நிலம் சமதளம், மண் கரியது, கல்லும் மரமும் அரிது. 1876இல் எடுத்த முதல் அறுவடையிலேயே ஏக்கருக்கு 20 புஷலுக்கு மேல் விளைந்தது. ஒரு புஷல் கோதுமை ஏறத்தாழ 27 கிலோ எடையுள்ளது. இக்காலத்தில் மினியாபொலிஸ் நகர ஆலைகள் கடினக் கோதுமையை வெண்மாவாக அரைக்கும் புதிய முறையைக் கைக்கொண்டதால் தேவையும் பெருகிற்று.

1880-களில் டால்ரிம்பிளின் மேற்பார்வையில் 20,000 ஏக்கருக்கு மேல் சாகுபடியாயிற்று. பண்ணை பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்பார்வையாளர் நியமிக்கப்பட்டார். கதிரை அறுத்துக் கட்டும் இயந்திரங்கள் குதிரைகளால் இழுக்கப்பட்டு வரிசையாகச் சென்றன, நீராவியால் கதிரடிக்கப்பட்டது. 1878இல் ஜனாதிபதி ஹேய்ஸ் இப்பண்ணையை நேரில் கண்டார்.

இத்தகைய பண்ணைகள் பின்னர் ஏன் தளர்ந்தன? முதலாவது, விலை. 1880-களின் தொடக்கத்தில் புஷல் ஒரு டாலர் அளவில் விற்ற கோதுமை, 1894இல் அரை டாலர் அளவுக்குத் தாழ்ந்தது. கோதுமையையே நம்பியிருந்த பண்ணைக்கு வேறு வருவாய் இல்லை. இரண்டாவது, மண். ஆண்டுதோறும் ஒரே பயிரை விதைத்ததால் நிலத்தின் வளம் குன்றியது, களையும் மிகுந்தது. மூன்றாவது, வரி. குடியேறியோர் பெருகவே பள்ளிக்கும் சாலைக்கும் உள்ளூர் வரி விதிக்கப்பட்டது; பரந்த நிலமுடையோரே அதில் பெரும்பங்கு செலுத்த நேர்ந்தது. நான்காவது, கூலி. அறுவடைக்கு நூற்றுக்கணக்கானோர் தேவைப்பட்டனர். குளிர்காலத்தில் மிகச் சிலரே. வந்தவர் மீண்டும் சென்றனர்; வேரூன்றவில்லை.

1890-களில் பெரும்பண்ணைகள் பல துண்டுகளாகக் குடியானவர்களுக்கு விற்கப்பட்டன. அங்கே அவர்கள் குடும்பத்துடன் வாழ்ந்து, பலவகைப் பயிரிட்டு, கால்நடையும் வளர்த்தனர். நிலத்தின் விலை உயர்ந்திருந்ததால் விற்றவர்க்கும் நட்டமில்லை. டால்ரிம்பிள் 1908இல் காலமானார்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை யாவை? முறையான கணக்கு, காலத்தில் செய்யும் உழவு, பொறுப்பைப் பகுத்தளித்தல் ஆகியவை எந்த அளவுப் பண்ணைக்கும் ஏற்றவை. இயந்திரத்தின் பயனைச் சிறு விவசாயிகளும் கூட்டாகச் சேர்ந்து அடையலாம். ஒரே பயிரை நம்புதலும், மண்ணுக்குத் திருப்பியளிக்காமல் விளைவை மட்டும் கொள்ளுதலும் செல்வரையும் தளர்த்தும். பஞ்சாயத்து உறுப்பினர் மனங்கொள்ள வேண்டியது மற்றொன்று உண்டு: பள்ளியும் சாலையும் நிலைத்து வாழும் மக்களாலேயே உருவாகின்றன. விளைச்சலின் அளவோடு, அவ்வூரில் தங்கி வாழ்வோரின் நலத்தையும் சேர்த்தே நாம் வளர்ச்சியை அளத்தல் வேண்டும்.