பீலித் தகரம்: வெட்டுமுன் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழையே தஞ்சம். கூரைநீரைப் பிடிக்கப் பீலி வேண்டும். 1995இல் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்ட நமக்கு ஒரு தகரம் பிழைத்தாலும் நட்டமே. ஆதலால் முதலில் கணக்கிடுவோம்.

பீலியின் உள்ளளவுகள்: அடிப்பக்கம் 100 மி.மீ., பின்பக்கம் 125, முன்பக்கம் 100, விளிம்பு மடிப்பு 12. மொத்தம் 337 மி.மீ.

மடிக்கும்போது தகரத்தின் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருங்கும். ஆகவே ஒவ்வொரு செங்கோண மடிப்புக்கும் தடிப்பில் ஏறத்தாழ அரைவாசியைக் கூட்டவேண்டும். அரை மி.மீ. தகரத்தில் இது மிகச் சிறிது, விட்டுவிடலாம். பீலியைத் தாங்கும் 3 மி.மீ. பட்டை இரும்பில் விடமுடியாது. முன் 50, அடி 102, பின் 125, கூட்டினால் 277. இரு மடிப்புக்கும் 3 சேர்த்து 280 மி.மீ. நீளத்துக்கு வெட்டுவோம்.

முதலில் கழிவுத் துண்டொன்றை மடித்து அளப்போம். பின்பே கத்தரியை எடுப்போம்.