ஏல மனை சல்லிசா?

நம்பிக்கை 1: வங்கி ஏலத்தில் மனை பாதி விலைக்குக் கிடைக்கும்.

உண்மை: கிடைக்காது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கல்யாண வீடு, டீக்கடை, வாட்ஸ்அப் குழு, எங்கே போனாலும் இதே பேச்சு. “நீங்கள் அப்படி வாங்கினீர்களா?” என்று கேட்டால், “என் மச்சானுக்குத் தெரிந்தவர் வாங்கினார்” என்பார்கள். அந்தத் தெரிந்தவரை யாரும் கண்ணால் கண்டதில்லை.

வாராக் கடனுக்காக வங்கி சொத்தை விற்பது 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் அறிக்கையை வாங்கிய பிறகுதான் ரிசர்வ் விலையை, அதாவது ஏலத்தின் குறைந்தபட்ச விலையை, வைக்க முடியும். என்னைப் போன்றவர்கள் டேப் பிடித்து அளந்து, அக்கம்பக்கத்து விற்பனைப் பத்திரங்களைப் புரட்டி எழுதும் அறிக்கை அது. முதல் சுற்றிலேயே பாதி விலைக்கு விட்டுக்கொடுக்க வங்கி மேலாளர் என்ன உங்கள் தாய்மாமனா?

விலை இறங்குவது, கேட்க ஆள் வராத மனைக்குத்தான். ஏன் வரவில்லை? பழைய உரிமையாளர் இடத்தை விடவில்லை; வங்கியிடம் இருப்பது காகிதச் சுவாதீனம் மட்டும். அல்லது கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கு. அல்லது வண்டி போகப் பாதை இல்லை. அல்லது அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு. ஏல அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி’ என்று அலங்காரத்துக்காகப் போடவில்லை. பின்னால் எது முளைத்தாலும் உங்கள் பாடு.

அப்படியானால் எவ்வளவு கேட்பது? ரிசர்வ் விலையிலிருந்து ஏறாதீர்கள். சந்தை விலையிலிருந்து இறங்குங்கள். அதே தெருவில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, 40 லட்சத்துக்குப் போகிறது என்று வையுங்கள். ஏல மனையை 30 லட்சத்துக்கு எடுக்கிறீர்கள். சுவாதீனம் கைக்கு வர 2 ஆண்டு இழுத்தால், 9 சதவீத வட்டியில் 5.4 லட்சம். மனை 3 அடி பள்ளம் என்றால் 7,200 கன அடி, அதாவது 72 யூனிட் மண். யூனிட் 3,000 ரூபாய் என்றாலும் 2.16 லட்சம், மண் அமுங்கினால் இன்னும் கேட்கும். இதுவரை 37.56 லட்சம். வக்கீல், சர்வேயர் செலவையும் உங்கள் தூக்கத்தையும் மிச்சமுள்ள 2.44 லட்சத்துக்குள் அடக்குங்கள். பத்திரச் செலவு எந்த மனைக்கும் உண்டு என்பதால் அதைச் சேர்க்கவில்லை. ஆக, இந்த மனைக்கு 30 லட்சம்தான் உச்சவரம்பு. அதை ஏலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள். ஏலம் சூடுபிடித்த பிறகு கணக்குப் போடாதீர்கள்.

நம்பிக்கை 2: ஏலம் கிடைத்ததும் லோன் போட்டுக்கொள்ளலாம்.

உண்மை: அன்றே, அல்லது அடுத்த வேலை நாளுக்குள், முன்பணத்தையும் சேர்த்து ஏல விலையில் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். விற்பனை உறுதியானால் மீதிக்கு 15 நாள். வங்கி எழுத்துமூலம் சம்மதித்தால் அதிகபட்சம் 3 மாதம். தவறினால் கட்டிய பணம் போச்சு. அந்த 25 சதவீதம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது சரிதான் என்று 2024இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நம்பிக்கை 3: வழிகாட்டி மதிப்புதான் மனையின் விலை.

உண்மை: அது முத்திரைத்தீர்வைக்காக அரசு வைத்த எண். அவ்வளவே.

நம்பிக்கை 4: வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் போதும்.

உண்மை: பதிவானது மட்டுமே அதில் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது.

நம்பிக்கை 5: கடைசி நொடியில் கேட்டால் தட்டிச்செல்லலாம்.

உண்மை: மின் ஏலங்களில் கடைசி நிமிடங்களில் யாராவது விலை கேட்டால் நேரம் தானாக நீளும்.

யாரும் கேட்காவிட்டாலும் இன்னொன்றும் சொல்வேன். சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேடுதான். ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். கிராம வரைபடத்தை வாங்கி ஏரி எங்கே, வாய்க்கால் எங்கே என்று தேடுங்கள். 2015இல் சென்னைப் பக்கம் வெள்ளம் வந்த பிறகும், பள்ளத்தில் மண் கொட்டி வீடு கட்டுகிறோம். நம் மனையில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. நீரோடும் வழியில் உள்ள மனையை, ஐயா, எந்த விலைக்கும் கேட்காதீர்கள்.