அறுபதை நோக்கி ஓடுவோம்

கடந்த ஆண்டு எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஆசிரியர்களுக்கும் ஓர் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். நூறு மீட்டர்தான். மாணவர்கள் கைதட்டி அழைத்தபோது மறுக்க முடியவில்லை. 54 வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினேன். பாதித் தூரம் கடப்பதற்குள் மூச்சு முட்டியது, நின்றுவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த ஏழாம் வகுப்பு மாணவி கேட்டாள்: “சார், நுரையீரல் பாடம் நீங்கதானே நடத்துனீங்க? உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

அவள் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அடுத்த வாரம் மருத்துவரிடம் சென்றபோது ரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தது. பணி ஓய்வுக்கு இன்னும் ஆறு ஆண்டுகள். அதற்குப் பிறகும் வாழ்க்கை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததையும், செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வயது ஏறும்போது உடலில் என்ன நடக்கிறது?

ஓடும்போது தசைகளுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. அதை நுரையீரல் உள்ளிழுக்கிறது, இதயம் ரத்தத்தின் வழியே அனுப்புகிறது, தசை பயன்படுத்துகிறது. உடல் உழைப்பு இல்லாதவர்களுக்கு 30 வயதுக்குப் பிறகு இந்தத் திறன் பத்தாண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு குறைகிறது. இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பும் வயதோடு குறையும். 220இலிருந்து வயதைக் கழித்தால் அதன் தோராய அளவு கிடைக்கும். 12 வயது மாணவிக்கு 208, எனக்கு 166. தசையின் அளவும் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறையலாம்; 60ஐத் தாண்டினால் இது வேகமெடுக்கும்.

இந்தச் சரிவை முழுதாக நிறுத்த முடியாது. ஆனால் தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்குச் சரிவு மெதுவாகவே நிகழ்கிறது. நாம் “வயதாகிவிட்டது” என்று சொல்வதில் ஒரு பகுதி வயதால் வந்தது. மறுபகுதி உட்கார்ந்தே இருந்ததால் வந்தது. இரண்டாவது பகுதி நம் கையில் இருக்கிறது.

ஓடும் ஆசிரியை ஒருவர்

ஜப்பானைச் சேர்ந்த மரிகோ யுகேதா 1958இல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. 24 வயதில் தன் முதல் மாரத்தானை ஓடியபோது 42.195 கிலோமீட்டரை முடிக்க அவருக்கு 3 மணி 9 நிமிடம் ஆனது. மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பிறகு பள்ளிப் பணி, நான்கு குழந்தைகள், குடும்பப் பொறுப்பு. நம் ஆசிரியைகளுக்குப் பழகிய கதைதான். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, பள்ளி மாணவர்களுடன் சேர்ந்தே பயிற்சி செய்தார். 2019இல், 61 வயதில், மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்தார். அறுபதைக் கடந்த பெண்களில் உலகிலேயே இதை முதலில் செய்தவர் அவர்தான். 2021இல், 62 வயதில், 2 மணி 52 நிமிடம் 13 நொடியில் ஓடினார். இருபத்து நான்கு வயதில் ஓடியதைவிட இது வேகம்!

கனடாவின் எட் விட்லாக் இளமையில் ஓடி, பின் விட்டுவிட்டு, நாற்பதுகளில் மீண்டும் தொடங்கியவர். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதைதான் அவருடைய பயிற்சிக் களம். 72 வயதில் 2 மணி 59 நிமிடம் 10 நொடியில் மாரத்தானை முடித்தார். 85 வயதில் 3 மணி 56 நிமிடத்தில் முடித்தார். பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங் தன் முதல் மாரத்தானை ஓடியதே 89 வயதில்தான்.

இவர்கள் அரிதானவர்கள். நாம் அவர்களைப்போல் ஓட வேண்டியதில்லை. எந்த வயதிலும் உடல் பயிற்சிக்குப் பதில் சொல்லும் என்பதற்கு இவர்கள் சான்று. அதுவே நமக்குப் போதும்.

முழங்கால் தேய்ந்துவிடாதா?

நான் ஓடத் தொடங்கியதும் ஆசிரியர் அறையில் கேட்ட முதல் குரல், “இந்த வயசுல ஓடுனா முட்டி தேஞ்சிடும் சார்” என்பதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984 முதல் இதை ஆராய்ந்தார்கள். 50 வயதைக் கடந்த 538 ஓட்டக்காரர்களையும், ஓடாத 423 பேரையும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 19 ஆண்டுகள் கழித்து ஓடாதவர்களில் 34 விழுக்காட்டினரும் ஓடியவர்களில் 15 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத நிலையும் ஓடியவர்களுக்குப் பல ஆண்டுகள் தாமதமாகவே வந்தது. அவர்களில் ஒரு பகுதியினரின் முழங்கால்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஓடியவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூடுதலாக இல்லை.

அறிவியல் ஆசிரியராக ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே நலமாக இருப்பவர்களே ஓட வருவதும் உண்டு. எனவே வேறுபாடு முழுவதும் ஓட்டத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. மூட்டில் அடிபட்டவர்கள், வலி உள்ளவர்கள், உடல் எடை மிகுந்தவர்கள் நடையிலேயே தொடரலாம். நடையும் பயிற்சிதான்.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் மருத்துவப் பரிசோதனை. நாற்பதைக் கடந்தவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, தேவையெனில் இ.சி.ஜி. பார்த்துக்கொண்டு மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்க வேண்டும்.

2. முதல் இரண்டு வாரம்: வாரம் மூன்று நாள், 30 நிமிட வேக நடை மட்டும்.

3. அடுத்த இரண்டு வாரம்: 1 நிமிட மெது ஓட்டம், 2 நிமிட நடை. இப்படி எட்டு முறை.

4. ஐந்து முதல் எட்டாம் வாரம் வரை: 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. இப்படி ஏழு முறை.

5. ஒன்பதாம் வாரத்திலிருந்து: 5 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை. இப்படி ஐந்து முறை.

ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். ஒரு கட்டம் கடினமாக இருந்தால் அதே கட்டத்தில் இன்னும் ஒரு வாரம் இருங்கள். இரு ஓட்ட நாட்களுக்கு இடையே ஒரு நாள் ஓய்வு வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு விடியற்காலையே ஏற்றது. தார்ச்சாலையைவிடப் பள்ளி மைதானத்தின் மண்தரை நல்லது. செருப்போடு ஓட வேண்டாம். மார்பில் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. கூடவே வாரம் இரண்டு நாள் தசை வலுப் பயிற்சியும் தேவை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, படியில் நின்று குதிகாலை உயர்த்துவது ஆகியவற்றைப் பத்துப் பத்து முறை செய்தால் போதும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, முதுமையில் விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சி.

வகுப்பறைக்குக் கொண்டுசெல்வோம்

இந்த ஆண்டு சுவாசம், ரத்த ஓட்டம் பாடங்களை மைதானத்தில் நடத்தினேன். மாணவர்கள் இணை இணையாக அமர்ந்து, மணிக்கட்டில் நாடித்துடிப்பை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினார்கள். பிறகு இரண்டு நிமிடம் ஓடினார்கள். ஓடி முடித்ததும் ஒருமுறையும், பின் ஒவ்வொரு நிமிடமும் ஒருமுறையுமாக ஐந்து நிமிடம் வரை துடிப்பைக் குறித்தார்கள். கணக்கு வகுப்பில் அதுவே கோட்டு வரைபடமானது. நானும் அவர்களோடு ஓடினேன். என் வரைபடமும் கரும்பலகையில் இடம்பெற்றது. உடல்நலக் குறைவு உள்ள மாணவர்களை ஓடச் சொல்லாமல், நேரம் குறிப்பவர்களாக அமர்த்திக்கொள்ளுங்கள். யாருடைய துடிப்பையும் மதிப்பெண்ணாக ஒப்பிட வேண்டாம்; அவரவர் வரைபடத்தை அவரவரே அடுத்த மாதம் ஒப்பிடட்டும்.

ஜூன் மாதம் எனக்கு ஓய்வுநிலைத் துடிப்பு 84. டிசம்பரில் 72. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்துகாட்டிய அதே மாணவி, “இப்ப சீக்கிரமா இறங்குது சார்” என்றாள். அவள் கேள்விக்கான விடையை அவளே கண்டுபிடித்துவிட்டாள். ரத்த அழுத்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை. அதை மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் இரண்டாம் மாடி வகுப்புக்கு இப்போது நிற்காமல் ஏறுகிறேன்.

நாளை காலை எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், உங்கள் நாடித்துடிப்பை எண்ணி நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். உங்கள் வரைபடத்தின் முதல் புள்ளி அதுதான்.